வெடிமருந்து தின்னும் கிணற்றுப் பவுடர்: மூன்று டிரம்மில் போட்டுப் பார்த்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குவாரி பக்கத்துக் கிணற்றுக்காக இந்த நுண்ணுயிர்ப் பவுடரை வாங்க வேண்டாம். கிலோ 1,450 ரூபாய். நுண்ணுயிர் வெடிமருந்தைத் தின்னும் என்பது பொய்யா என்று கேட்டால், பொய் கிடையாது, நிஜமாகவே தின்னும், அதைப் பற்றிக் கீழே நிறையவே சொல்கிறேன். ஆனால் பாக்கெட்டில் இருப்பதாகச் சொல்லி விற்கிற அந்த உயிர் உங்கள் கிணற்றில் ஏற்கெனவே இருக்கிறது. அது பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு மாதம் ஆனது.

பிராண்ட் பெயரைப் போடவில்லை. இதே பவுடர் வேறு வேறு லேபிளில் வருகிறது என்று கடைக்காரரே சொன்னார், ஒரு பெயரைப் போட்டால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும். லேபிளை வைத்து அடையாளம் சொல்கிறேன்: '12 வகை நுண்ணுயிர், வெடிமருந்து, அமிலம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் தின்னும்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த 12 எது எது என்று ஒரு பெயர்கூட இருக்காது. எங்களுக்கு வந்த பாக்கெட்டில் தயாரித்த தேதியும் இல்லை. உயிருள்ள ஒரு பொருளைத் தேதி போடாமல் விற்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர் காட்பாடி தாலுகாவில், பொன்னை போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொல்லியில் தாத்தா காலத்துக் கிணறு. மேலே பத்துப் பன்னிரண்டு அடிதான் மண், அப்புறம் பாறை, வட ஆற்காட்டில் பெரும்பாலான கிணறு அப்படித்தான், தோட்டா வைத்து உடைத்து உடைத்துத்தான் கீழே இறங்கியிருக்கிறார்கள். தண்ணீர் பாறை வெடிப்பு வழியாகத்தான் வருகிறது. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு கல் குவாரி. மத்தியானம் வெடி போடுவார்கள், மழைக்காலத்தில் குழியில் நிற்கிற தண்ணீரை மோட்டார் வைத்து ஓடையில் விடுவார்கள், அந்த ஓடை எங்கள் கொல்லியை ஒட்டித்தான் போகிறது. இரண்டு வருஷமாகக் கிணற்றுத் தண்ணீரில் பாசி அதிகம். மாடு குடிக்கிறது, நாங்களும் காவிரித் தண்ணீர் வராத நாளில் இதைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் போதவில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த பால் பவுடரையும் கரைத்துக் கொடுக்கிறோம். எந்தத் தண்ணீரில் கரைப்பது என்ற கேள்வி வந்தபோது பைக்கில் இந்தப் பவுடர் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் வீடு வீடாக வந்து, "குவாரி மருந்துல ஆர்.டி.எக்ஸ். இருக்குதுங்க, அதான் தண்ணி பச்சையா மாறுது, குழந்த இருக்கிற வீடு வேற" என்று நைனாவிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். நைனா பயந்து மறுநாளே வேலூர் போய், லாங்கு பஜாரைத் தாண்டி ஒரு விவசாய இடுபொருள் கடையில் இரண்டு பாக்கெட் வாங்கி வந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாளியில் கரைத்துக்கொண்டிருந்தார்.

"கிணத்துல கொட்டாதீங்க நைனா, முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்" என்று நிறுத்தினேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவள் நான். என்ன இருக்கிறது என்று தெரியாத தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாத பவுடரைப் போட மனசு வரவில்லை.

டெஸ்டில்தான் முதல் அடி வாங்கினோம். ஆன்லைனில் நைட்ரேட் பார்க்கிற காகிதப் பட்டை வாங்கினேன், தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும். 20 என்று காட்டியது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். 20 தானே, பரவாயில்லை என்று எல்லாரும் நிம்மதியாகிவிட்டோம். ராத்திரி படுத்த பிறகுதான் அந்த டப்பாவில் சின்ன எழுத்தில் 'நைட்ரேட்-நைட்ரஜன்' என்று இருந்தது ஞாபகம் வந்து எழுந்து போய்ப் பார்த்தேன். பட்டை காட்டுவது நைட்ரேட்டில் இருக்கிற நைட்ரஜனை மட்டும். அதை நைட்ரேட்டாக மாற்ற 4.43 ஆல் பெருக்க வேண்டும். 20 என்றால் கிட்டத்தட்ட 89. அந்தக் கணக்கில் பாதுகாப்பு வரம்பு 45 கிடையாது, 10 தான். பட்டை வைத்திருக்கிற எல்லாரும் தயவுசெய்து இன்றைக்கே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்த ஒரு வரிக்காகவே இதை எழுதலாம்.

அப்புறம் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தோம். அவர்கள் கொடுத்த காகிதத்தில் நைட்ரேட் என்ற வரிக்கு நேராக 'வரம்புக்குள் உள்ளது' என்று மட்டும் இருந்தது. எண் இல்லை, எந்த முறையில் பார்த்தார்கள் என்று இல்லை. போன் செய்து கேட்டால் அதுதான் ரிப்போர்ட் என்றார்கள். எண் இல்லாத ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். கடைசியாகத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தோம். முன்னாடியே இங்கே வந்திருக்கலாம். கேனை நன்றாகக் கழுவி, எடுக்கப் போகிற தண்ணீராலேயே இரண்டு தடவை அலசி, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே கொண்டுபோனேன். நைட்ரேட்டுக்கு மாதிரி எடுத்தால் குளிரில் வைத்து இரண்டு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே நுண்ணுயிர் வேலையைத் தொடங்கிவிடும். முடிவு வந்தது: நைட்ரேட்டாகவே லிட்டருக்கு 96 மில்லிகிராம்.

96 என்றால் இரண்டு மடங்குக்கு மேல். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அப்படி இல்லை. நைட்ரேட் உடம்புக்குள் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும், குழந்தையின் உதடும் நகமும் நீலமாகும். 1945-ல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர்தான் இதைக் கிணற்றுத் தண்ணீரோடு சேர்த்துச் சொன்னவர். அங்கேயும் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்த பண்ணை வீட்டுக் குழந்தைகள்தான். அம்மா "நல்லா கொதிக்க வெச்சித்தானே குடுக்குறோம்" என்று கேட்டார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடும். அன்றைக்கே கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்கு நிறுத்திவிட்டோம்.

இப்போது அந்த ஆர்.டி.எக்ஸ். விஷயம். காட்பாடிக்காரர்களுக்கு வெடிமருந்து புதுசில்லை, அரசின் தமிழ்நாடு தொழில்துறை வெடிமருந்து நிறுவனம் 1980களில் இங்கேதான் வந்தது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவரிடம் கேட்டேன். கல் குவாரியில் போடுகிற மருந்தில் பெரும்பங்கு அம்மோனியம் நைட்ரேட். நூற்றுக்கு 94 பங்கு அம்மோனியம் நைட்ரேட், 6 பங்கு டீசல், இதுதான் உலகம் முழுக்கக் குவாரியில் அதிகம் போகிற கலவை. மருந்து நிரப்பப் பாறையில் துளைக்கிற குழி ஈரமாக இருந்தால் குழம்பு மாதிரி எமல்ஷன் தோட்டா, அதிலும் அடிப்படை அதே நைட்ரேட். வெடியைத் தூண்டுகிற கேப்பிலும் வெடித் திரியிலும் பி.இ.டி.என். என்ற வெடிமருந்து கொஞ்சம் இருக்கும், தூண்டுதலைப் பலமாக்கப் பூஸ்டர் போட்டால் அதில் டி.என்.டி. கொஞ்சம் இருக்கும். "நம்ம பக்கத்து குவாரிக்கு ஆர்.டி.எக்ஸ். எதுக்குமா, அது மிலிட்டரிக்கு" என்றார் மாமா.

தண்ணீருக்கு வருவது வெடிக்காமல் விட்டுப்போன மருந்து. குழி வாயில் சிந்தியது, ஒரு குழி சரியாக வெடிக்காமல் கல்லோடு சேர்ந்து போனது, அப்புறம் தண்ணீர் ஊறுகிற குழியில் டீசல் கலவையைப் போட்டால் அம்மோனியம் நைட்ரேட் சர்க்கரை மாதிரிக் கரைந்துவிடும். கரைந்த அம்மோனியத்தையும் மண்ணில் இருக்கிற வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. பச்சை நிறத்துக்கும் ஆர்.டி.எக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. அது பாசி, நைட்ரேட்டை உரமாக எடுத்து வளர்கிறது, யூரியா போட்ட வயலில் பயிர் பச்சைக் கட்டுகிற மாதிரிதான். டி.என்.டி. கலந்த தண்ணீர் வெயில் பட்டால் இளஞ்சிவப்பாகும், குண்டு தயாரிக்கிற ஆலைகளின் கழிவுநீருக்கு அதனால்தான் இளஞ்சிவப்புத் தண்ணீர் என்றே பெயர்.

அந்தப் பிரதிநிதி ஒன்றும் இல்லாத கதையைக் கட்டிவிட்டாரா என்றால் அதுவும் இல்லை, எங்கேயோ நடந்ததை எங்கள் ஓடையில் கொண்டுவந்து ஒட்டிவிட்டார். ஆர்.டி.எக்ஸ். நிலத்தடி நீருக்குப் போவது அமெரிக்காவில் ராணுவத் தளங்களில் நடந்த பெரிய பிரச்சினை. ஆரிகன் மாநிலத்தில் உமட்டில்லா என்ற கிடங்கில் பழைய குண்டுகளைக் கழுவிய தண்ணீரை 1950களிலிருந்து 1965 வரை அடியில் எதுவும் போடாத வெறும் மண் குட்டைகளில் விட்டார்கள். டி.என்.டி. மண்ணில் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. ஆர்.டி.எக்ஸ். அவ்வளவாக ஒட்டாது, தண்ணீரோடு கீழே இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் குடிநீரில் ஆர்.டி.எக்ஸுக்கு வைத்திருக்கிற ஆலோசனை அளவு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்நூறில் ஒரு பங்கு.

அதை நுண்ணுயிர் எப்படி உடைக்கிறது என்பது படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது, வகுப்பிலும் சொல்லிவிட்டேன். ஆர்.டி.எக்ஸ். மூலக்கூறு ஒரு வளையம், அதில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த மூன்று நைட்ரோ தொகுதிகள். ஒன்றைப் பிடுங்கினால் போதும், வளையம் நிலைகுலைந்து உடைந்துவிடும். பிரிட்டனில் நீல் புரூஸ் என்பவரின் குழு ஆர்.டி.எக்ஸ். கலந்த மண்ணிலிருந்தே ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது. அதனிடம் இருக்கிற எக்ஸ்பிஎல்ஏ என்ற நொதி சரியாக அந்தப் பிடுங்குகிற வேலையைச் செய்கிறது. வெடிமருந்தில் இருக்கிற நைட்ரஜனை உணவாக எடுத்துக்கொள்கிறது. இது காற்று உள்ள இடத்தில். காற்று இல்லாத ஆழத்தில் வேறு பாக்டீரியாக்கள் ஒவ்வொரு நைட்ரோவையும் ஓர் ஆக்சிஜன் குறைந்த நைட்ரோசோவாக மாற்றி அப்புறம் உடைக்கின்றன. டி.என்.டி. இவ்வளவு சுலபம் இல்லை. அதன் வளையம் கெட்டி, நைட்ரோவை அமினோவாக மாற்றுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும், மாறியது மண்ணின் மக்கோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் தின்னும் 12 வகை என்று லேபிளில் ஒரே வரியில் எழுதுகிறார்களே, ஒவ்வொன்றுக்கும் வேறு உயிர், வேறு வழி, வேறு முடிவு.

இதைவிட முக்கியமான ஒன்று. காற்று இல்லாத இடத்தில் நைட்ரேட் நிறைய இருந்தால் நுண்ணுயிர்கள் முதலில் அதைத்தான் எடுக்கும், ஆக்சிஜனுக்கு அடுத்து அவற்றுக்குப் பிடித்தது அதுதான். நைட்ரேட் பெரும்பாலும் தீர்ந்த பிறகுதான் ஆர்.டி.எக்ஸ். பக்கம் திரும்பும். எங்கள் கிணற்றில் ஆர்.டி.எக்ஸ். இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 96 மில்லிகிராம் நைட்ரேட்டை முடிக்காமல் எந்தப் பவுடரும் அதைத் தொடுவது கஷ்டம். அதனால் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பவுடர் நைட்ரேட்டைக் குறைக்குமா?

சோதித்துப் பார்த்தேன். நீல நிற 200 லிட்டர் டிரம் மூன்று, ஒரே நாளில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினோம். முதல் டிரம்மில் பாக்கெட்டில் சொன்ன அளவு அப்படியே, 10,000 லிட்டருக்கு 100 கிராம் பவுடர், கால் கிலோ வெல்லம் என்ற கணக்கில் 2 கிராம் பவுடர், 5 கிராம் வெல்லம், மூடி திறந்து. இரண்டாவதில் அதே பவுடர், வெல்லம் 25 கிராம், மூடி இறுக்கி. மூன்றாவதில் பவுடரே இல்லை, 25 கிராம் வெல்லம் மட்டும், மூடி இறுக்கி. வெல்லம் மண்டித் தெருவில் வாங்கிய அச்சு வெல்லம். ஒரு தண்ணீர் கேனில் எதுவும் போடாத கிணற்றுத் தண்ணீரையும் மூடி வைத்தேன். வெல்லம் எதற்கு என்றால், நைட்ரேட்டைப் பிடித்து அதில் இருக்கிற ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்கிற பாக்டீரியாவுக்குச் சாப்பிட ஏதாவது வேண்டும். சாப்பாடு இருந்து, காற்று இல்லாமல் இருந்தால்தான் அது நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, அப்புறம் வாயுக்களாக்கி, கடைசியில் சாதாரண நைட்ரஜனாக வெளியே விடும், நாம் மூச்சில் இழுக்கிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு இருக்கிற அதே நைட்ரஜன். சித்திரை வெயில் வேறு, வேலூர் வெயிலூர்தானே, இந்த வேலைக்குச் சூடு நல்லது.

ஐந்தாம் நாள் பட்டையில் பார்த்தால் மூடிய இரண்டு டிரம்மிலும் நைட்ரைட் கட்டம் கருஞ்சிவப்பு. நைட்ரேட்டைவிட நேரடியாகக் கெடுதல் செய்வது நைட்ரைட்தான், நடுவழியில் நின்றுபோன நிலை அது. அன்றைக்கு யாராவது அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால் கிணற்றுத் தண்ணீரைவிட மோசம். பதினொன்றாம் நாள் அந்த நிறம் மங்கியதும் மாதிரிகளைக் குடிநீர் வாரிய ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். திறந்த டிரம், பாக்கெட் சொன்ன அளவு: 91. பவுடரும் வெல்லமும் போட்டு மூடியது: 18. வெல்லம் மட்டும் போட்டு மூடியது: 21. எதுவும் போடாத கேன்: 95.

18-க்கும் 21-க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்குத்தான் 1,450 ரூபாய். அந்த வித்தியாசம்கூட இன்னொரு தடவை செய்தால் மாறிப் போகும். வேலையைச் செய்தது எங்கள் கிணற்றிலேயே இருந்த உயிர்தான். வெல்லத்தைப் போட்டு மூடியதும் அது எழுந்துகொண்டது. நைனா மூன்றாவது டிரம் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றார். "அப்ப இது எல்லாம் நம்ம கிணத்துலயே இருந்ததா" என்று கேட்டார்.

அமெரிக்காவிலும் சில இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். டெக்சாஸில் அமரில்லோ பக்கம் பான்டெக்ஸ் என்ற அணு ஆயுத ஆலையில் நிலத்தடியில் தாவர எண்ணெய்க் குழம்பை இறக்கி, அங்கேயே இருக்கிற நுண்ணுயிருக்குத் தீனி போட்டு ஆர்.டி.எக்ஸை உடைக்கிறார்கள். அதே முறையில் நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்தையும் அடக்குகிறார்கள், ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மேட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. உமட்டில்லாவில் பழச்சர்க்கரை ஊட்டியும் பார்த்தார்கள், ஆய்வகத்தில் வளர்த்த கார்டோனியா என்ற பாக்டீரியாவை இறக்கியும் பார்த்தார்கள். வெளியிலிருந்து உயிரைக் கொண்டுவருவது என்றால் அதற்குப் பெயர் உண்டு, அந்த இடத்துக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே சோதனை உண்டு, சுற்றிலும் கண்காணிப்புக் கிணறு உண்டு. கரைத்துக் கொட்டிவிட்டுப் போவது கிடையாது.

சரி, அப்போ வெல்லத்தையே கிணற்றில் கொட்டலாமே என்று ஊரில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், அதற்காக இந்தக் கணக்கு. எங்கள் கிணறு குறுக்கே 20 அடி, தண்ணீர் 15 அடி. கிட்டத்தட்ட 1.33 லட்சம் லிட்டர். 96-லிருந்து 45-க்கு இறக்க 6.8 கிலோ நைட்ரேட் போக வேண்டும். அதற்குக் குறைந்தது ஆறேழு கிலோ வெல்லம், கிணறு முழுக்கக் காற்றுப் புகாமல் மூடியிருந்தால். பாக்கெட் சொல்வது மூன்றேகால் கிலோ, அதுவும் திறந்த கிணற்றில், வாய் அகலத்துக்குக் காற்று உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிற இடத்தில். அப்படியே அதிகமாகக் கொட்டி ஆக்சிஜனைத் தீர்த்தால் கிணற்றில் இருக்கிற ஜிலேபிக் கெண்டை எல்லாம் மிதக்கும், பாறையில் இருக்கிற இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும், அழுகிய முட்டை வாடை வரும், நடுவில் சில நாள் நைட்ரைட். இத்தனைக்கும் பிறகு மோட்டார் போட்டு இறைத்தால் பாறை வெடிப்பு வழியாகப் புது நைட்ரேட் வந்து நிரம்பிவிடும். குடிக்கிற கிணறு இந்த வேலைக்கான இடமே கிடையாது. தயவுசெய்து கொட்டாதீர்கள்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சண்டை போடப் போகவில்லை. கடைக்காரர் உட்கார வைத்து, டீ சொல்லி, முழுசாகக் கேட்டார். "கம்பெனிக்காரன் சொல்றத நாங்க சொல்றோம் டீச்சர், நீங்கதான் பரீட்சை வெச்சிருக்கீங்க" என்றார். பிரிக்காத பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தார், பிரித்ததற்குக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. மறு வாரம் போனபோது அந்தப் பாக்கெட் அலமாரியில் முன்வரிசையில் இல்லை, உள்ளே இருந்தது. விதை, வேப்பம்புண்ணாக்கு, சொட்டுநீர்க் குழாய்க்கெல்லாம் நல்ல கடை, நியாயமான விலை. கடைக்கு 5-க்கு 3. பவுடருக்கு 5-க்கு 1, அதுவும் உள்ளே கண்ணாடித் தூளோ விஷமோ எதுவும் இல்லாமல் இருந்ததற்காக. தனியார் ஆய்வகத்துக்கு மதிப்பெண் கொடுக்க மனசில்லை. குடிநீர் வாரிய ஆய்வகத்துக்கு 5-க்கு நாலரை, அரை ஏன் குறைத்தேன் என்றால் எந்தப் பாட்டிலில் எப்படிப் பிடிப்பது என்று வாசலில் ஒரு பலகை எழுதி வைத்திருந்தால் எங்கள் முதல் நாள் பயணம் வீணாகியிருக்காது.

குவாரியை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடவும் இல்லை. குவாரிக் குழித் தண்ணீரில் 140 வந்தது, மேட்டுப் பக்கம் இருக்கிற பெரியப்பா கிணற்றில் 38. ஆனால் எங்கள் எருக்குழியும் கிணற்றிலிருந்து முப்பது அடியில்தான் இருந்தது, சாணியும் மூத்திரமும் கொடுப்பதும் அதே நைட்ரேட்தான். எருக்குழியைக் கிழக்கே கீழ்ப்பக்கம் மாற்றிவிட்டோம், நைனாவுக்கு அதில் ஒரு நாள் கோபம்.

குழந்தைக்கு இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீர், அது வராத நாளில் ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. நைட்ரேட்டில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், ஆனாலும் வடிகட்டி வருகிற தண்ணீரை மாதம் ஒரு தடவை பட்டையில் பார்க்கிறேன். மெம்பரேன் தேய்ந்துபோனால் சுவையில் ஒன்றும் தெரியாது. அது வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மாட்டுக்கு வைக்காதீர்கள், நைட்ரேட் எல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும், மாட்டின் வயிற்றிலும் அது நைட்ரைட்டாக மாறும். நாங்கள் தென்னைக்கு விடுகிறோம்.

நுண்ணுயிரை நான் விட்டுவிடவில்லை. அதற்குச் சரியான இடம் ஓடைதான், கிணற்றுக்கு வருவதற்கு முன்னால். சுவீடனில் கிருனா இரும்புச் சுரங்கத்தில் வெடிமருந்திலிருந்து வருகிற நைட்ரேட்டை மரத்துண்டு நிரப்பிய பள்ளத்தின் வழியாகத் தண்ணீரை மெதுவாக விட்டுக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதே அயோவாவில் வயல் வடிகால் தண்ணீருக்கும் இந்த முறைதான். மரத்துண்டு மெதுவாக மக்கும், வருஷக்கணக்கில் தீனி கொடுத்துக்கொண்டே இருக்கும், வெல்லம் மாதிரி ஒரே நாளில் தீராது. அங்கெல்லாம் குளிர்தான் தடை. நமக்கு அந்தக் கவலை இல்லை. குவாரி மேனேஜரிடம் நைனாவும் வார்டு மெம்பரும் போய்ப் பேசினார்கள், குழித் தண்ணீரை நேராக ஓடையில் விடாமல் எங்கள் எல்லைக்கு மேலே ஒரு பள்ளத்தின் வழியாக விடலாம், மரத்துண்டு நீங்கள் கொண்டுவந்தால் ஜே.சி.பி. நான் தருகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன்னால் அந்த மூன்றாவது டிரம்மைக் கழுவி, மரம் அறுக்கிற மில்லில் வாங்கிய துண்டுகளை நிரப்பி, அடியில் ஒரு குழாய் வைத்து, குழித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கிறோம். மரத்தூள் போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும், விரல் அளவுத் துண்டுதான் சரி. முதல் வாரம் டீ மாதிரிப் பழுப்பாக வந்தது, இப்போது தெளிகிறது. நேற்றுக் காலையில் மேலே விட்டது பட்டையில் 30 (நைட்ரேட்-நைட்ரஜன் கணக்கில்), கீழே வந்தது 10-க்கும் 20-க்கும் நடுவில், நைட்ரைட் கட்டம் லேசான ரோஸ். சொட்டு வேகத்தை இன்னும் பாதியாகக் குறைத்திருக்கிறேன். ஆய்வக எண் வந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன். ஐப்பசி மழை முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும்.